பெரியப்பாவின் நாட், என் ஒன்றரை சி.சி. எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுதபூஜை அன்று மொட்டை மாடி அறையில் இருக்கும் என் மாடல் விமானங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் காட்பாடி வீட்டு வழக்கம். வருகிறவர்கள் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவார்கள். கேட்கிற கேள்விகள் வருஷா வருஷம் அதேதான். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் என் சுண்டல் ஆறிவிடுகிறது. அதனால் இந்த வருஷம் எழுதியே வைத்துவிட்டேன்.

வேலூர்க்காரருக்கு எதற்கு இந்தப் போர் விமானப் பைத்தியம்? இங்கே விமானம் ஏது?

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் போகிற பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது. ராணுவப்பேட்டை என்றே அதற்கு இன்னொரு பெயர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்கவே கொஞ்சம் அப்படித்தான். வயல் இல்லாதவனுக்குத் தோல் ஷாப் அல்லது பீடி, அதுவும் பிடிக்காவிட்டால் பட்டாளம்.

அப்துல்லாபுரத்தில் வெள்ளைக்காரன் காலத்து ஓடுபாதை இருக்கிறது. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் இப்போது அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். அரக்கோணத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில்தான் 1992 மார்ச் 11ஆம் தேதி கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் வந்தது. இன்றைக்கு அது ராணிப்பேட்டை மாவட்டம். எங்கள் தலைமுறைக்கு எல்லாமே வட ஆற்காடுதான்.

என் விஷயத்தில் காரணம் இன்னும் சின்னது. என் பெரியப்பா விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டர். குடியாத்தத்தில் தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர், பதினெட்டு வயதில் ரயில் ஏறியவர். பென்ஷன் வாங்கி வந்து வேலூரில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன்.

உங்கள் பெரியப்பா விமானம் ஓட்டியிருக்கிறாரா?

இல்லை. இந்தக் கேள்வி வந்தாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும். "ஓட்றவன் ஒருத்தன்டா. அது கீழ விழாம பாத்துக்கறவன் பத்து பேரு" என்பார். ஒரு விமானத்தைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் அதன் கீழே நின்று பார்த்தவன் சொல்வதாகவே இருக்கும்: எந்த மூடியைத் திறக்க எத்தனை திருகு, எங்கே கை நுழையாது, எங்கே எண்ணெய் கசியும். எனக்கும் விமானங்கள் அப்படித்தான் அறிமுகமாயின. வானத்தில் பார்த்ததைவிட வயிற்றடியில் பார்த்தது அதிகம், அதுவும் அவர் கண்ணால்.

உங்களுக்கு மிகவும் பிடித்த பழைய போர் விமானம் எது?

நாட். யோசிக்கவே மாட்டேன்.

நாட் என்றால் ஆங்கிலத்தில் கொசு ஜாதிப் பூச்சி. பெயருக்கு ஏற்ற உடம்பு. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 22 அடிதான். நீளம் 29 அடிக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது இரண்டு அம்பாசடர் கார்களை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம். பிரிட்டனில் டெடி பெட்டர் என்பவர் வடிவமைத்து 1955இல் முதலில் பறந்தது. கான்பெரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவரும் அவர்தான். போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. சின்னதாக, எளிமையாகச் செய்து காட்டுகிறேன் என்று இறங்கினார். பிரிட்டன் விமானப்படை அதைப் போர் விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை; இரண்டு இருக்கை வைத்த பயிற்சி விமானமாகத்தான் வாங்கியது. நாம் வாங்கிப் போருக்கு அனுப்பினோம், பெங்களூரில் அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் நாமே கட்டவும் செய்தோம்.

1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களுக்கு எதிராக நன்றாகச் சண்டை போட்டதால் 'சேபர் ஸ்லேயர்' என்று பட்டப்பெயர் வந்தது. 1971 டிசம்பர் 14ஆம் தேதி ஸ்ரீநகர் தளத்தைச் சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஓடுபாதையிலிருந்தே ஒரு நாட் விமானத்தில் ஏறிப் பறந்து அவற்றோடு சண்டை போட்டவர் நிர்மல் ஜித் சிங் செக்கோன். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர்தான்.

பெரியப்பாவுக்கு நாட் பிடித்ததற்கு வேறு காரணம். பாதி வேலையைத் தரையில் நின்றுகொண்டே பார்க்கலாம், ஏணி தேடி அலைய வேண்டாம். அவர் ஐந்தே கால் அடி.

குறை இல்லாமல் இல்லை. துப்பாக்கி சமயத்தில் சிக்கிக்கொள்ளும். வால் பகுதியை அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்பு விமானிகளுக்குத் தீராத தலைவலி. அதையெல்லாம் சரிசெய்துதான் பின்னால் அஜீத் என்று ஒன்றைச் செய்தார்கள். பெரியப்பாவிடம் அஜீத்தைப் புகழ்ந்தால், "ம், நல்லாதான் இருக்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

நாட் விமானத்தை மாடலாகச் செய்தீர்களா?

செய்தேன், 12 வயதில். ஆனால் நாட் ஜெட் விமானம், என்னிடம் இருந்ததோ ப்ரொப்பெல்லர் எஞ்சின். ஜெட்டின் மூக்கில் ப்ரொப்பெல்லரை மாட்டினால் எப்படி இருக்கும்? அணிலுக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது. தெருப் பையன்கள் 'மூக்குக் காத்தாடி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வால் உசரம் பத்தாது" என்றார். அளந்து பார்த்தேன், பத்தவில்லைதான்.

அந்த எஞ்சின் என்ன எஞ்சின்?

கல்கத்தாவில் செய்த ஒன்றரை சி.சி. டீசல். டீசல் என்றதும் லாரியை நினைக்க வேண்டாம். உள்ளங்கையில் மூடிக்கொள்ளலாம். தீப்பொறி ப்ளக் கிடையாது, பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிற அழுத்தில் சூடேறி எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைத் தலையில் இருக்கிற ஒரு திருகால் மாற்றலாம். பக்கத்தில் ஊசி வால்வு, அது எவ்வளவு எரிபொருள் போகிறது என்பதற்கு. இந்த இரண்டு திருகும் ஒத்துப்போனால் பாட்டு. ஒத்துப்போகாவிட்டால் விரல் போச்சு.

விரல் என்றது விளையாட்டுக்கு இல்லை. ப்ரொப்பெல்லரை ஆட்காட்டி விரலால் சுண்டித்தான் கிளப்ப வேண்டும். அழுத்தத் திருகு கொஞ்சம் அதிகமாக இறங்கியிருந்தால், சுண்டியதும் ப்ரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் திரும்பி உதைக்கும். என் வலது ஆட்காட்டி விரல் நகத்தின் குறுக்கே இன்றும் ஒரு கோடு இருக்கிறது. பெரியப்பா பழைய டயர் ட்யூபை வெட்டி விரலுக்கு உறை செய்து கொடுத்தார். ஆனால் அதை மாட்டிக்கொண்டால் எஞ்சினின் இறுக்கம் விரலுக்குத் தெரியாது. நாலு நாள் போட்டேன், அப்புறம் கழற்றிவிட்டேன்.

பெட்ரோலா போட்டீர்கள்?

இல்லை. சீமெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர், மூன்றும் ஏறக்குறைய சம பங்கு.

சீமெண்ணெய் எரிவதற்கு. விளக்கெண்ணெய் எஞ்சினுக்கு வழுக்கல் கொடுக்க. எத்தனை சூடானாலும் பிடித்துக்கொள்ளும் எண்ணெய் அது. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கும் விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். ஈதர் எதற்கென்றால், சீக்கிரம் பற்றிக்கொள்ளும், அது இல்லாவிட்டால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது.

சீமெண்ணெய் ரேஷனில் வரும். அம்மா அடுப்புக்கு அளந்து வைத்திருப்பார், அதில் நூறு மில்லி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். விளக்கெண்ணெய் செக்கில். ஈதருக்கு என்ன செய்வது என்று மற்ற ஊர்ப் பையன்கள் தவிப்பார்களாம். வேலூர் ஆஸ்பத்திரி ஊர். பட்டறைக்கு வருகிற மருந்துக் கடைக்காரர் ஒருவர் பெரியப்பாவிடம் மட்டும் கொடுப்பார், என் கையில் கொடுக்க மாட்டார்.

வாங்குவதைவிட வைத்திருப்பதுதான் கஷ்டம். ஈதர் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும். எங்கள் ஊர் சித்திரை வெயில் 40ஐத் தாண்டும். அலமாரியில் வைத்தால் நாலு நாளில் பாட்டில் பாதியாகி, வீடே ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வாடை அடிக்கும். பெரியப்பா ஒரு மண்பானையை ஈர மணலில் பதித்து, அதற்குள் தண்ணீர் ஊற்றி, பாட்டிலைக் கழுத்து வரை முக்கி வைத்தார். பட்டறையில் பீடி பிடிக்கிறவர்களுக்கு அந்த மூலைப் பக்கம் அனுமதி கிடையாது. ஒரு முறை மூடியைச் சரியாகத் திருகாமல் வந்துவிட்டேன். அன்றைக்கு வாங்கியதுதான் அவரிடம் நான் வாங்கிய ஒரே அறை.

இதைப் படித்துவிட்டு யாரும் ஈதர் தேடிப் போக வேண்டாம். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கிற நெருப்பைக் கூட்டிக்கொண்டு வரும்.

ரிமோட் இல்லாமல் எப்படி ஓட்டினீர்கள்?

கம்பியில். கண்ட்ரோல் லைன் என்று பெயர். நீங்கள் நடுவில் நிற்பீர்கள், விமானம் உங்களைச் சுற்றி வட்டமடிக்கும். கையில் ஒரு பிடி, அதிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பிகள் இரண்டு, பத்துப் பதினைந்து மீட்டர் நீளம். கம்பிகள் இடது இறக்கை வழியாக உள்ளே போய் ஒரு சின்ன முக்கோணத் தகட்டில் சேரும். அதற்குப் பெல் கிராங்க் என்று பெயர். தகட்டின் மூன்றாவது மூலையிலிருந்து ஒரு கம்பி வால் வரை ஓடும். எங்களுக்கு அது சைக்கிள் ஸ்போக்ஸ். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், தகடு திரும்பும், வால் மடிப்பு தூக்கும், விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். அவ்வளவுதான். இடம் வலம் கிடையாது.

கேட்க எளிது. ஒரு சுற்றுக்கு நாலைந்து நொடி. நீங்களும் கூடவே சுற்ற வேண்டும். முதல் பத்து சுற்றில் கோட்டை, தேவாலயம், பஸ் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். விமானத்தை மட்டும் பார்த்தால் தலை சுற்றாது, மற்றதைப் பார்த்தால் தொலைந்தீர்கள். டாங்கில் இருக்கிற எரிபொருள் தீரும் வரை இறக்கவும் முடியாது. டாங்க், பால் பவுடர் டப்பாத் தகட்டை வெட்டி ஈயம் பற்றவைத்துச் செய்தது. மூன்று நிமிஷத்துக்கு வரும்.

பள்ளியில் என்.சி.சி. ஏர் விங் இருந்த பையன்களுக்கு இதெல்லாம் பாடமாகவே உண்டு, மாடல் செய்ய ஏற்ற, கனமில்லாத பல்சா மரமும் கிடைக்கும். எங்களுக்குப் பல்சா எப்போதாவதுதான். மூங்கில் சிம்பில் எலும்புக்கூடு, மேலே பட்டக் காகிதம், இறக்கை நுனிக்கு நெட்டி. பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டுகிற நெட்டி மாலை இருக்கிறதே, அதே நெட்டிதான். பிளேடால் சீவினால் வெண்ணெய் மாதிரி வழியும். கனமே இல்லை.

விமானம் எதையாவது தொலைத்திருக்கிறீர்களா?

இந்தக் கேள்வியை என் தங்கைதான் ஆள் அனுப்பிக் கேட்க வைக்கிறாள் என்று சந்தேகம்.

1980 கோடை. கோட்டை வெளி மைதானம், காலை ஆறரை மணி. வழக்கமாகப் பாலாற்று மணலில்தான் விடுவோம், விழுந்தாலும் அடிபடாது என்று. ஆனால் மணல் எஞ்சினுக்குள் போய்விட்டால் பிஸ்டன் கீறிப்போகும் என்று பெரியப்பா தடை போட்டிருந்தார். அன்றைக்கு ஏற்றியது ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாடல். நீள்வட்ட இறக்கை என்பதால் உள்ளே வரும் குறுக்குச் சட்டங்களில் ஒன்று இருக்கிற அளவில் இன்னொன்று இருக்காது. பக்கத்துக்கு ஒன்பது சட்டம், ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை வெட்டி, இரண்டு மாதம் உட்கார்ந்தேன்.

பறந்தது. அழகாகப் பறந்தது. எட்டாவது சுற்றோ ஒன்பதாவதோ, பிடியில் இருந்த ஒரு கம்பியின் முடிச்சு நழுவியது. முறுக்கிவிட்டு ஈயம் வைக்க மறந்திருந்தேன். ஒற்றைக் கம்பியில் வால் முழுக்கத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறியது, மற்ற கம்பியும் அறுந்தது, அப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும் அகழிப் பக்கம் போனது.

அந்தக் காலத்தில் அகழியில் முதலை விட்டிருந்தார்களாம் என்று ஊரில் கதை உண்டு. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது தண்ணீரில் எஞ்சின் கனத்தில் மூக்கு முங்கி, வால் மட்டும் வெளியே நின்றது, மீன் தேடுகிற வாத்து மாதிரி. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நாலு முறை வீசி, ஐந்தாவது வீச்சில் கொக்கியை வாலில் மாட்டி இழுத்தார். "இன்னா கண்ணு இது, மீனா குருவியா?" என்று கேட்டார். பட்டக் காகிதம் முழுக்கக் கரைந்து போயிருந்தது. பதினெட்டுச் சட்டங்களும் அப்படியே இருந்தன, எண்ணிப் பார்த்தேன்.

மாருத் பற்றி எதுவும் சொல்லவில்லையே?

சொல்ல நிறைய இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். எச்.எஃப்.-24 மாருத் இந்தியாவில் வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானம். வடிவமைத்தவர் ஜெர்மனியின் குர்ட் டாங்க். 1961 ஜூன் 17இல் பறந்தது, மொத்தம் 147 செய்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த உடம்புக்கு ஏற்ற எஞ்சின் கடைசி வரை கிடைக்கவில்லை. நாட் விமானத்தில் ஒன்றாக இருந்த அதே ஆர்ஃபியஸ் வகை எஞ்சினை இதில் இரண்டாகப் போட்டு ஓட்டினார்கள். "நல்ல மாட்டுக்குக் கன்னுக்குட்டி நுகத்தடி" என்பது பெரியப்பா கணிப்பு.

மிக்-21ஐப் பழைய விமானம் என்று சொல்லலாமா?

2025 செப்டம்பர் 26இல் சண்டிகரில் விடைகொடுத்துவிட்டார்கள், இனிமேல் சொல்லலாம். 1963இல் வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அதுதான் புத்தம் புதுசு, பெரியப்பாவுக்கு அதன் மேல் கொஞ்சம் பொறாமை. இப்போது அதுவும் நானும் சேர்ந்து ரிட்டையர் ஆகியிருக்கிறோம்.

அரக்கோணத்தில் பறந்த அந்தப் பெரிய ரஷ்ய விமானம்?

டி.யூ.-142. கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக 1988இல் எட்டு வாங்கினோம். முதலில் கோவாவில் இருந்தன, 1992இல் ராஜாளிக்கு வந்தன. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைச் சக்தி. ஒவ்வொரு எஞ்சினிலும் இரண்டு ப்ரொப்பெல்லர்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். எட்டு ப்ரொப்பெல்லர், முப்பத்திரண்டு அலகு. ஜெட் காலத்தில் ப்ரொப்பெல்லரை வைத்துக்கொண்டு ஜெட்டுக்கு நெருங்கிய வேகத்தில் போன விமானம் அது.

தொண்ணூறுகளில் நான் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன். ஒரு நாள் அரக்கோணத்துக்கு முன்னால் சிக்னலில் வண்டி நின்றது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் ஜன்னல் ஷட்டருக்கு வந்தது. தகரம் மெல்ல அதிர ஆரம்பித்தது. அப்புறம் ஒரு உறுமல், பல குரல் சேர்ந்த மாதிரி, ஏறி இறங்கி. எதிர் சீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வந்துட்டான்" என்று சொல்லி மறுபடி உரிக்க ஆரம்பித்தார். 29 வருஷம் விபத்தே இல்லாமல் பறந்து, 2017 மார்ச் 29இல் ஓய்வு பெற்றன. இப்போது அங்கே போயிங் பி-8ஐ (P-8I) ரக விமானங்கள். சத்தம் குறைவு, எனக்கு ஆர்வமும் குறைவு.

பழைய விமானங்களைப் பார்க்க எங்கே போகலாம்?

வேலூர்க்காரர்களுக்குப் பக்கம் பெங்களூர். பழைய ஏர்போர்ட் ரோட்டில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம், மாருத், அஜீத் எல்லாம் திறந்தவெளியில் நிற்கின்றன. எஞ்சின்களுக்குத் தனி அரங்கு இருக்கிறது, பிள்ளைகள் அங்கே நிற்க மாட்டார்கள், நான் நகர மாட்டேன். டி.யூ.-142 வேண்டுமென்றால் விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் ஒன்றை அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறார்கள், உள்ளே ஏறிப் பார்க்கலாம். ராஜாளி கடற்படைத் தளம், வேலி ஓரம் நின்று போட்டோ எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

இன்னும் பறக்கிற பழசு பார்க்க வேண்டுமா? 2018இல் பிரிட்டனிலிருந்து புதுப்பித்துக் கொண்டுவந்த டகோட்டா சரக்கு விமானம் ஒன்று விமானப்படையிடம் இருக்கிறது. பரசுராமா என்று பெயர். 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகருக்குப் படையை இறக்கியது இந்த ரக விமானம்தான்.

என் மகளுக்குப் பத்து வயது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ரப்பர் பேண்டிலிருந்து. சொல்லும்போது முகம் சுளிக்கிறார்கள். 1871இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ ரப்பரை முறுக்கித்தான் தன் சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார், ரைட் சகோதரர்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் முன்னால். மூக்கு கனமா வால் கனமா என்பதை ரப்பர் விமானம் பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடும். அப்புறம் தெர்மோகோல் மாதிரி நுரைப் பலகையில் சின்ன மின்சார மோட்டார், ரிமோட். விழுந்தால் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

வெளியில் விடுவதற்கு முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகளில் பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை. சிவப்பு, மஞ்சள் என்றால் அனுமதி இல்லாமல் கூடாது. அப்துல்லாபுரம், அரக்கோணம் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அந்த ஒன்றரை சி.சி. இன்னும் இருக்கிறதா? ஓடுமா?

இருக்கிறது. அலமாரியில், பெரியப்பாவின் மைக்ரோமீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில். பல வருஷம் சும்மா கிடந்ததில் உள்ளே விளக்கெண்ணெய் பிசின் மாதிரி இறுகி, ப்ரொப்பெல்லர் அசையவே இல்லை. போன தையில் சீமெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, வெந்நீரில் போட்டு எடுத்துத் திருப்பினேன், திரும்பியது. வைஸில் பிடித்து, பழைய கணக்குப்படி மூன்றையும் கலந்தேன். ஈதர் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

முப்பது முறை சுண்டினேன். அழுத்தத் திருகைக் கால் சுற்று இறக்கினேன். இன்னும் பத்து. விரலில் அதே இடத்தில் உதைத்தது. கால் சுற்றை மறுபடி ஏற்றிவிட்டு, வாயு வெளிவரும் ஓட்டையில் இரண்டு சொட்டு விட்டேன். பிடித்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு விநாடி இருக்கும், வைஸோடு மேஜையே நடுங்கியது. கீழேயிருந்து என் வீட்டுக்காரி, "ஜன்னலைத் திறந்து வைங்க" என்றாள். எதிர் வீட்டுத் தாத்தா, விமானப்படையில் இருந்தவர் இல்லை, தோல் ஷாப்பில் கணக்கெழுதியவர், தெருவிலிருந்தே கூப்பிட்டுக் கேட்டார்: "பட்டறைய திரும்பத் தொறந்துட்டீங்களா?"